பூட்டிய வீட்டுத் திருட்டு: பறிகொடுத்தவரும் பையனும் ஒரே அறையில்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் மாட்டிக்கொள்ளும் வழக்குகளில் ஒரு வகை இந்த மண்ணுக்கே உரியது. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல் போடும் சடங்கு) என்றால்தான் வீடு திறக்கும். பின்கட்டுச் சுவர் ஏறிக் குதித்த பையன்கள் குத்துவிளக்கு, தாம்பாளம், சருவம், மங்குச் சாமான் என்று கைக்கு வந்ததைச் சாக்கில் கட்டித் தூக்கிவிடுகிறார்கள். பாத்திரத்தில் வெட்டியிருக்கும் விலாச எழுத்தை, அதாவது குடும்பத்தின் அடையாள எழுத்தை, அரம் வைத்துத் தேய்த்துவிட்டு எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

இப்படிப் பறிகொடுத்த குடும்பத்தையும் பையனையும் நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசவைப்பதைச் சீரமைப்பு நீதி என்கிறோம். நம் ஊரிலும் இதைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் ‘சமாதானம் பண்ணிவைப்போம்’ என்ற நினைப்போடு போனால் முதல் பத்து நிமிடத்திலேயே கெட்டுவிடும். சந்திப்பு நடக்கும் ஒன்றரை மணி நேரம் பறிகொடுத்தவரின் கேள்விகளுக்கானது. எதற்கு எங்கள் வீடு? எத்தனை நாளாக நோட்டம் பார்த்தீர்கள்? சாமி அறைக்குள் போனீர்களா? மறுபடி வருவீர்களா? இவற்றுக்குப் பதில் தெரிந்தவன் அந்தப் பையன் ஒருவன்தான். மன்னிப்பு வந்தால் வரட்டும், வராமலும் போகட்டும். பதில் கிடைக்காமல் மட்டும் அவர்கள் எழுந்து போகக் கூடாது.

பறிகொடுத்தவர் யார்?

பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் என்று பலரும் தொடங்குகிறார்கள். செட்டிநாட்டு வீட்டுக்கு அது பொருந்தாது. ஒரு வீட்டில் நாலு பங்கு, எட்டுப் பங்கு இருக்கும். காணாமல் போன அண்டா பொதுச்சாமானாக இருக்கலாம், ஒரு ஆச்சி கல்யாணத்துக்குக் கொண்டுவந்த சீராகவும் இருக்கலாம். முதல் வேலை, எது யாருடையது என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது. பிறகு, யாருக்கு எது வலிக்கிறது என்று தனித்தனியே கேட்பது. வெளிநாட்டில் இருக்கும் பங்காளிக்குப் பணம்தான் கணக்காக இருக்கும். ஆச்சிக்கோ, படைப்புக்கு எடுத்துவைத்திருந்த பெட்டியை வேறு யாரோ கையால் கிளறிவிட்டார்கள் என்பதுதான் தாங்காது. இருவரையும் ஒரே தரப்பாக உட்காரவைத்தால் பணப் பேச்சு ஆச்சியின் பேச்சை விழுங்கிவிடும். சந்திப்புக்கு வருகிற பங்காளிகள் அதிகபட்சம் இரண்டு பேர் போதும். மற்றவர்கள் சொல்ல நினைப்பதை எழுதி அனுப்பட்டும், சந்திப்பை நடத்தும் ஒருங்கிணைப்பாளர் வாசிக்கலாம்.

எல்லோரும் மறந்துவிடும் ஒருவர் இருக்கிறார்: வீட்டைப் பார்த்துக்கொள்பவர். விளக்குமாறும் சாவிக்கொத்துமாக இருபது, முப்பது ஆண்டு அந்த வீட்டோடு இருந்திருப்பார். திருட்டு தெரிந்ததும் முதல் சந்தேகம் அவர்மேல்தான் விழும். காவல் நிலையத்தில் அவரை உட்காரவைத்திருப்பார்கள். சம்பளம் கொடுக்கிறவர்களே ஒரு மாதிரி பார்த்திருப்பார்கள். ஊர் பேசியிருக்கும். பையன் பிடிபட்ட பிறகும் ‘உங்களைத் தப்பாக நினைத்துவிட்டோம்’ என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவரும் பாதிக்கப்பட்டவர். சந்திப்பில் எல்லோரும் உட்காரும் வட்டத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி வேண்டும், பேச அவருக்கென்று நேரமும் வேண்டும். பையன் உண்மையில் தலைகுனிவது பெரும்பாலும் இவர் பேசும்போதுதான். பணக்கார வீட்டில் நாலு பித்தளை போனால் என்ன என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு, தன் அப்பாவைப் போன்ற ஒருவர் அவமானப்பட்டது அப்போதுதான் உறைக்கும்.

சட்டம் தரும் இடம்

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் இந்தச் சந்திப்புக்கென்று தனிப் பிரிவு கிடையாது. 18ஆவது பிரிவில், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் போடக்கூடிய உத்தரவுகளில் அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்புவது, குழு ஆலோசனை, சமூக சேவை, அபராதம், மூன்று ஆண்டு வரை நன்னடத்தைக் கண்காணிப்பு ஆகியவை இருக்கின்றன. வழக்கு நடைமுறையிலிருந்து குழந்தையை வேறு வழிக்குத் திருப்பிவிடுவதையும் அந்தச் சட்டம் தன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாகவே சொல்கிறது. இந்த வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். அதாவது குழுமத்துக்குத் தெரிந்து, நன்னடத்தை அலுவலர் கையோடு இருந்து நடக்க வேண்டும். குழுமத்துக்குத் தெரியாமல் நடத்தினால் அது கட்டப்பஞ்சாயத்து. பெயரை மாற்றி வைப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் இருக்கின்றன. பையன் காரைக்குடிக்காரனாக இருந்து வீடு புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்தால், எந்தக் குழுமம் விசாரிக்கிறது என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு நன்னடத்தை அலுவலர்களுக்கு நடுவே ஒரு மாதம் ஓடிவிடும்.

காலக் கணக்கு முக்கியம். பையனை முதலில் முன்னிலைப்படுத்திய நாளிலிருந்து 4 மாதத்துக்குள் விசாரணை முடிய வேண்டும், கூடுதலாகக் கிடைப்பது 2 மாதம். பையனின் குடும்பச் சூழல் பற்றி நன்னடத்தை அலுவலர் தரும் சமூக விசாரணை அறிக்கைக்கு இரண்டு வாரம். அந்த அறிக்கை வந்த கையோடு ஆயத்த வேலையைத் தொடங்கினால் ஐந்து, ஆறு வாரத்தில் சந்திப்பை நடத்திவிடலாம். மூன்றாவது மாதத்தில் யோசனை வந்தால் அவசரம்தான் மிஞ்சும். அவசரத்தில் பலியாவது எப்போதும் பறிகொடுத்தவர் பக்க ஆயத்தம்தான்.

இரவில் வீடு புகுந்து திருடினால் பெரியவர்களுக்கு 14 ஆண்டு வரை சிறை என்பதால் பெற்றோர் பதறிவிடுகிறார்கள். குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் இல்லாத காரணத்தால், சிறார் சட்டத்தில் இது ‘கடுமையான குற்றம்’ என்ற வகையில்தான் வருகிறது. ‘கொடிய குற்றம்’ ஆகாது. பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்கு இதற்காகப் பையன் மாற்றப்பட மாட்டான். இதை முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். பாஸ்போர்ட் பயமும் அப்படித்தான். சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ பிள்ளையை அனுப்பும் கனவோடு இருக்கும் வீடுகள் இவை. வழக்கு இருந்தால் எதிர்காலமே போச்சு என்று நினைத்து, எதற்கும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். சிறார் வழக்கில் குற்றம் உறுதியானாலும் அதனால் தகுதியிழப்பு வராது என்று சட்டத்தின் 24ஆவது பிரிவு சொல்கிறது. பயத்தில் வரும் சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எந்த வழக்கைத் தொடக் கூடாது? பாலியல் குற்றம் எதுவும் வேண்டாம். சாதி வன்கொடுமையாகப் பதிவான வழக்கு வேண்டாம். இரு குடும்பங்களுக்கு இடையே பழைய பகை ஓடிக்கொண்டிருந்தால் வேண்டாம். பையன் ‘நான் செய்யவில்லை’ என்கிறானா, அதோடு நிறுத்திவிட வேண்டும். அவன் நிரபராதி என்பதுதான் சட்டத்தின் தொடக்கப் புள்ளி. ஒப்புக்கொள்ளவைப்பது ஒருங்கிணைப்பாளரின் வேலை கிடையாது. சம்மதம் கேட்பதற்கு முன்பே பையன் ஒரு வழக்கறிஞரிடம் தனியே பேசியிருக்க வேண்டும். குழந்தைகளுக்கு இலவச சட்ட உதவி உரிமை, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

இன்னொன்று. பையன்களை ஏவிவிட்டவர் ஒருவர் பின்னால் இருக்கிறாரா என்று பாருங்கள். ‘இன்ன வீட்டில் இன்ன தூண் சிற்பம் இருக்கு, கழற்றிக் கொண்டுவா’ என்று சொல்லி அனுப்பிய பெரியவர் இருந்தால் அது வேறு வழக்கு. குழந்தைகளைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்துபவருக்கு 83ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. அந்த ஆளைப் பற்றிய விசாரணை முடியும்வரை சந்திப்பைத் தள்ளிவைப்பது நல்லது. பையன் வட்டத்தில் உட்கார்ந்து அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் அன்று இரவே அவனுக்கு ஆபத்து.

ஆயத்தம்

1974இல் கனடாவின் எல்மைரா ஊரில் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 பேரின் உடைமைகளை நாசம் செய்தார்கள். நன்னடத்தை அலுவலர் அவர்களை ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் கூட்டிப்போய்ப் பேசவைத்தார். இந்த முறைக்கு அதைத் தொடக்கமாகச் சொல்வார்கள். நியூசிலாந்து 1989இல் சட்டமே இயற்றி, சிறார் வழக்குகளில் குடும்பங்கள் கூடிப் பேசும் முறையைக் கொண்டுவந்தது. அதற்கு மாவோரி மக்களின் மரபு ஒரு முக்கியமான ஊற்று. நம் ஊரிலும் கூடிப் பேசும் மரபு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நம் கூட்டத்தில் தீர்ப்புச் சொல்ல ஒருவர் இருப்பார், உயரமான இடத்தில் உட்கார்ந்திருப்பார். இங்கே அப்படி ஒருவர் கிடையாது.

பறிகொடுத்தவரைக் குறைந்தது இரண்டு முறை அவர் வீட்டிலேயே போய்ப் பார்க்க வேண்டும். முதல் முறை கேட்க மட்டும் செய்யுங்கள். சந்திப்பைப் பற்றிக் கடைசி ஐந்து நிமிடம் சொன்னால் போதும். ‘வேண்டாம்’ என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். ‘பாவம், சின்னப் பையன், அவன் எதிர்காலம்’ என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அது நெருக்கடிதான். வயதான ஆச்சிகள் இந்த நெருக்கடிக்குச் சட்டென்று பணிந்துவிடுவார்கள். ‘சரிப்பா, விட்டுடுங்க’ என்பார்கள். ஆனால் அதன் பிறகு அந்தப் பெரிய வீட்டில் ஓரிரவுகூடத் தூங்க மாட்டார்கள். இரண்டாவது முறை போகும்போது அவர் கேட்க விரும்பும் கேள்விகளை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மூன்று முதல் ஐந்து கேள்வி வரும்.

பையனிடம் இரண்டு, மூன்று முறை பேச வேண்டும், அதில் ஒன்றாவது பெற்றோர் இல்லாமல். ‘ஏன் செஞ்சே?’ என்று ஆரம்பித்தால் வாய் திறக்க மாட்டான், திறந்தால் பொய் வரும். ‘அன்னிக்குச் சாயங்காலத்துல இருந்து சொல்லு, யார்கூட இருந்தே?’ என்று நேர வரிசையில் போனால் தானாக வந்துவிடும். ஆச்சியின் கேள்விகளை அவனிடம் முன்கூட்டியே சொல்லலாம். பதிலைச் சொல்லிக்கொடுக்க மட்டும் கூடாது. மனப்பாடம் செய்த ‘என்னை மன்னிச்சிடுங்க’ ஐந்து வினாடியில் வெளுத்துவிடும். அதைக் கேட்ட பறிகொடுத்தவர் முன்னைவிட அதிகக் காயத்தோடு திரும்புவார்.

பெற்றோரைத் தனியே ஒரு முறை பார்த்து மூன்று விஷயம் சொல்லிவிட வேண்டும். அங்கே பையனை அடிக்கக் கூடாது. அவனுக்குப் பதிலாகப் பேசக் கூடாது. யார் காலிலும் விழக் கூடாது, பையனையும் விழச் சொல்லக் கூடாது. கடைசியதுதான் இங்கே பெரிய பாடு. காலில் விழுந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. விழுந்த கணத்தில் பறிகொடுத்தவருக்குப் பேச வழியில்லாமல் போகிறது, விழுந்தவனைத் தூக்கிவிடுவதைத் தவிர அவர் வேறு என்ன செய்வார்? அதிலும் பையனின் குடும்பம் ஒடுக்கப்பட்ட சாதியாக இருந்து எதிரே இருப்பவர் மேல்சாதியாகவும் இருந்தால், அங்கே நடப்பது குற்றத்துக்கான வருத்தம் ஆகாது. காலங்காலமாக நடந்த கும்பிடுதான் இன்னொரு முறை நடக்கும். அதை அனுமதிக்கவே கூடாது. யாராவது குனியத் தொடங்கினால் எழுந்து நின்று தடுத்து, பத்து நிமிடம் இடைவேளை விடுங்கள்.

அறை

காவல் நிலையம் கூடாது. கோயில் மண்டபம், ஊர்ப் பொதுக்கூடம் கூடாது. அங்கே யார் எங்கே உட்காருவது என்று ஊர் முன்பே முடிவுசெய்து வைத்திருக்கும். பறிகொடுத்தவரின் வீடும் பெரும்பாலும் சரிவராது. முகப்புத் திண்ணையில் யார், வளவுக்குள் யார், பட்டாலையில் யார் என்ற கணக்கு அந்த வீட்டின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. விடுமுறை நாளில் ஒரு பள்ளி வகுப்பறையோ குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆலோசனை அறையோ போதும்.

எல்லாம் ஒரே உயரப் பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் மேசை வேண்டாம். மொத்தம் எட்டு முதல் பத்துப் பேர், பன்னிரண்டைத் தாண்டினால் கூட்டமாகிவிடும். ஒருங்கிணைப்பாளர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். இரு தரப்புக்கும் உறவோ கொடுக்கல் வாங்கலோ இல்லாதவர்கள். பறிகொடுத்தவர் 20 நிமிடம் முன்னால் வந்து தன் நாற்காலியைத் தானே தேர்ந்தெடுக்கட்டும். கதவுக்குப் பக்கத்து நாற்காலியைக் கேட்பவர்கள் உண்டு, நினைத்தால் எழுந்து போகலாம் என்ற தைரியம் அதில் இருக்கிறது. பையன் தரப்பு அதன் பிறகு வர வேண்டும். இரு தரப்பும் ஒரே பேருந்தில் வந்து ஒரே நிறுத்தத்தில் இறங்கிவிடாமல் நேரத்தைப் பிரித்துச் சொல்லுங்கள். சிறிய ஊர்களில் இது அடிக்கடி நடக்கும்.

கைப்பேசிகள் அணைத்து ஒரு பெட்டிக்குள் போக வேண்டும். பையனின் பெயரையோ படத்தையோ ஊடகத்தில் வெளியிட்டால் 74ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு படம் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனாலும் பையன் அந்த ஊரில் தலை காட்ட முடியாது.

பேச்சில் ஒரு விதி: எல்லோருக்கும் ‘ங்க’. பையனையும் ‘தம்பி, நீங்க சொல்லுங்க’ என்றுதான் கேட்க வேண்டும். ‘டா’ போட்டால் அவன் தலை குனிந்துவிடும், பிறகு பதில் வராது. வீட்டைப் பார்த்துக்கொள்பவரையும் பேர் சொல்லி ஒருமையில் கூப்பிடக் கூடாது, அன்று அவர் அண்ணே, ஐயா.

ஒன்றரை மணி நேரம்

முதலில் பேசுவது பையன். என்ன நடந்தது, அப்போது மனதில் என்ன ஓடியது, பிடிபட்ட பிறகு என்ன நினைத்தீர்கள், இதில் யார் யாருக்குப் பாதிப்பு என்று இந்த வரிசையில் கேட்க வேண்டும். அவன் முதலில் பேசினால்தான், நடந்ததை அவன் மறுக்கவில்லை என்பது பறிகொடுத்தவருக்கு நிச்சயமாகும். அடுத்தது பறிகொடுத்தவர். ‘தெரிஞ்சதும் என்ன தோணுச்சு? அதுக்கப்புறம் எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?’ பிறகு அவர் எழுதிக்கொடுத்த கேள்விகள். அதன் பின் வீட்டைப் பார்த்துக்கொள்பவர், உடன் வந்தவர்கள், கடைசியில் பையனின் குடும்பம்.

பையன் வாயடைத்துப் போவான். அந்த மௌனத்தை நிரப்பாதீர்கள். முப்பது வினாடி மௌனம் நமக்கு முப்பது நிமிடமாகத் தெரியும். அவன் தனக்குள் வார்த்தை தேடுகிற நேரம் அது.

சந்திப்பைச் சிதைப்பவை என்னென்ன? அம்மாவின் அழுகை முதலாவது. அது உண்மையான அழுகைதான், ஆனால் அறை முழுவதும் அவரைத் தேற்றத் தொடங்கிவிடும், ஆச்சியே எழுந்து போய்த் தண்ணீர் கொடுப்பார். அம்மாவுக்குப் பக்கத்தில் பெண் ஒருங்கிணைப்பாளர் உட்கார்ந்திருந்தால் கையைப் பிடித்துக்கொண்டே கூட்டத்தைத் திருப்பிவிடலாம். இரண்டாவது, உபதேசம் செய்யும் மாமா. ‘நல்லாப் படிச்சு முன்னுக்கு வரணும்’ என்று தொடங்கினால் பதினைந்து நிமிடம் போகும். ‘ஐயா, உங்களுக்கு இதுல என்ன பாதிப்பு?’ என்று ஒரே கேள்வியில் நிறுத்தலாம். மூன்றாவது, அழைக்காமல் வந்து நிற்கும் ஊர்ப் பெரிய மனிதர். வாசலிலேயே வணக்கம் சொல்லி அனுப்பிவிட வேண்டும். உள்ளே வந்துவிட்டால் தீர்ப்புச் சொல்லாமல் போக மாட்டார்.

பறிகொடுத்தவர் கோபத்தில் கத்தினால் விடுங்கள். கோபத்துக்கு இடம் உண்டு. சாதியை, அம்மாவை, வறுமையை இழுத்துத் திட்டினால் அங்கே நிறுத்த வேண்டும்.

உடன்பாடு

எழுதுவதற்கு முன்பே தேநீர் வந்துவிட வேண்டும். வெள்ளைப் பணியாரமோ சீடையோ, ஒரே தட்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர். ஒருங்கிணைப்பாளர் தாளும் பேனாவுமாக ஒதுங்கும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் வட்டத்தில் வராத பேச்சு வரும். ‘எத்தனாவது படிக்கிறே?’ என்று ஆச்சி கேட்பதும், ‘அந்த விளக்கு எங்க இருக்குன்னு தெரியும் ஆச்சி’ என்று பையன் சொல்வதும் அப்போதுதான்.

பணத்தில் கவனம் வேண்டும். சாமானின் மதிப்பு 60,000 ரூபாய், எடைக்குப் போட்டதில் பையன் கைக்கு வந்தது 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அறுபதாயிரத்தையும் கேட்டால் அப்பா கந்துவட்டிக்கு வாங்குவார், பையன் படிப்பை விட்டு வேலைக்குப் போவான், மூன்றாவது மாதம் தவணை நிற்கும். குடும்பத்தின் மாத வருமானத்தைக் கேட்டு, மாதத் தவணை அதில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், ஆறு மாதத்துக்குள் முடிகிற தொகையாக வையுங்கள். தொகை சிறியது என்று பறிகொடுத்தவர் பக்கத்தில் முணுமுணுப்பு வரும். முழுதாக வந்து சேர்கிற சிறு தொகைக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்பதை ஆயத்தத்தின்போதே பேசிவைத்திருக்க வேண்டும்.

வேலையாக ஈடு செய்வது என்றால் அந்த வீட்டில் வேண்டாம். முற்றம் கூட்டுவது, தோட்ட வேலை என்று தொடங்கிச் சம்பளமில்லாத வேலைக்காரனாக மாறிவிடுவான். சமூக சேவை இழிவுபடுத்துவதாக இருக்கக் கூடாது என்பது விதி. நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, முதியோர் இல்லத்தில் உதவுவது போல ஞாயிறுதோறும் 3 மணி நேரம், எட்டு வாரம் என்று எழுதுங்கள். விதிவிலக்காக ஒன்று சொல்லலாம். சாமான் மீண்டு வந்திருந்தால், அதைப் புளி போட்டு விளக்கித் தருகிறேன் என்று பையனே சொன்னால், ஆச்சி சரியென்றால், ஒரு நாள், நன்னடத்தை அலுவலர் முன்னிலையில் செய்யலாம். அவன் வாயிலிருந்து வர வேண்டும், நாம் எடுத்துக்கொடுக்கக் கூடாது.

‘நல்ல பிள்ளையாக இருப்பேன்’ என்பது உடன்பாட்டில் எழுதும் வரி ஆகாது. யார், என்ன, எந்தத் தேதி, யார் பார்ப்பது என்ற நான்கும் ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கான ஒரு வரியும் அதில் வர வேண்டும். அதைப் பங்காளிகள்தான் செய்தாக வேண்டும். அவர்மேல் சந்தேகப்பட்டது தவறு என்று, சந்தேகப்பட்டதை ஊரில் யார் யாரிடம் சொன்னார்களோ அவர்களிடமெல்லாம் சொல்லுவது. வட்டத்தில் பேசியது எதையும் எழுத வேண்டாம். உடன்பாடு மட்டும் குழுமத்துக்குப் போகும், ஏற்பதும் மாற்றுவதும் குழுமத்தின் கையில்.

பிறகு

முதல் தொடர்பு பத்தாவது நாள், பறிகொடுத்தவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. ‘தூக்கம் வருதா ஆச்சி?’ என்று கேளுங்கள். அடுத்தது ஒவ்வொரு தவணைத் தேதிக்கும் மறுநாள். தவணை தவறினால் உடனே தோல்வி என்று எழுதிவிடாமல் நேரில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கும். இரண்டாவது முறையும் தவறினால் தொகையைத் திருத்த இரு தரப்பையும் கேட்க வேண்டும், ஒரு தரப்புக்குத் தெரியாமல் திருத்தக் கூடாது. குழுமம் இறுதி உத்தரவு போட்ட அன்றே அதைப் பறிகொடுத்தவருக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கும் சொல்லிவிடுங்கள். தெருவில் பையனைப் பார்த்தால் என்ன செய்வது என்று இருவரும் கேட்பார்கள். அதற்கான பதிலைச் சந்திப்பு நாளிலேயே இரு தரப்பும் பேசி முடிவுசெய்து வைத்திருக்க வேண்டும்: தலையசைத்துவிட்டுப் போவதா, பேசுவதா, பார்க்காதது போலப் போவதா என்று.